பக்கற்றை மாற்றினால் கறித்தூளின் ருசி மாறுமா?

2024 மே 6, இரவு

கேள்வியை நேரே கேட்கிறேன். ஒரே சட்டியில் வறுத்து, ஒரே மில்லில், ஒரே நாளில் அரைத்த கறித்தூள். பாதி பழைய பொலித்தீன் பையில், பாதி புதிதாக அச்சடித்த பவுச்சில். வாங்கிச் சமைத்தவர்கள் இரண்டு ருசி சொல்கிறார்கள். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

திருகோணமலையில் எங்களுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. மச்சாள் வீட்டில் செய்யும் தூளை ஏழு வருடமாக விற்கிறோம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை. எல்லாம் தனித்தனியாக வறுபடும். செத்தல் கருகுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இறக்க வேண்டும், அந்த ஒரு நிமிடம்தான் மச்சாளின் கைப்பக்குவம். அதனால் தூள் சிவப்பாக இருக்காது, மண்ணிறம் கலந்த கருஞ்சிவப்பு. இத்தனை நாளும் கண்ணாடி மாதிரித் தெரியும் பையில் போட்டு, மெழுகுதிரியில் வாயை ஒட்டி, உள்ளே விலைத் துண்டு ஒன்றை வைத்து விற்றோம்.

இரண்டு மாதத்துக்கு முன் பவுச் அடித்தோம். முன்பக்கம் குவியலாகச் சிவந்த மிளகாய், பக்கத்தில் பச்சைக் கறிவேப்பிலை, மேலே பொன்னிற எழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் வாரமே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து, "வாசம் நல்லம் பிள்ளை, ஆனால் உறைப்புக் காணாது" என்றார். இன்னொருவர், "பழைய கைப்பக்குவம் போச்சு, மெஷின் தூள் மாதிரி இருக்கு" என்றார். மூன்றாமவர் வந்து, "இப்பதான் தூள் தூளாட்டம் இருக்கு" என்று இரண்டு பக்கற் சேர்த்து வாங்கிப் போனார். மச்சாளிடம் இதைச் சொன்னபோது, "நான் ஒண்டும் மாத்தேல்லையே" என்று அவர் கண் கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

என் கட்சி இதுதான்: மாறியது உறை மட்டும். மற்றதெல்லாம் கண் செய்த வேலை.

2024 மே 7

ஒன்றை விட்டுவிட்டேன். நிறை இரண்டிலும் 250 கிராம்தான், ஆனால் பவுச் 40 ரூபா கூட. விலை கூடினால் எதிர்பார்ப்பும் கூடும். அதையும் கணக்கில் எடுங்கள்.

2024 மே 9

"எல்லாம் மனப்பிரமை" என்று என் கேள்விக்குப் பதிலாக ஒருவர் எழுதியிருக்கிறார். பிரமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் லூயிஸ் செஸ்கின் என்ற சந்தை ஆய்வாளர் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். செவன் அப் பேணியின் பச்சையில் 15 சதவீதம் மஞ்சளைக் கூட்டினார்கள். உள்ளே இருந்த சோடாவில் ஒரு சொட்டும் மாறவில்லை. குடித்தவர்கள் எலுமிச்சைச் சுவை கூடிவிட்டது என்றார்கள். உறையில் உணர்ந்ததை மனிதர்கள் உள்ளே இருக்கும் பொருளின் மேல் ஏற்றிவிடுகிறார்கள் என்பது அவருடைய முடிவு.

2011 இல் கோக்கா கோலா பனிக்கரடிகளுக்காக வெள்ளைப் பேணி விட்டது. சிலர் டயட் கோக் என்று நினைத்து மாறி எடுத்தார்கள். வேறு சிலர் ருசியே மாறிப்போனது என்று முறையிட்டார்கள். கொஞ்ச நாளில் சிவப்புப் பேணி திரும்பி வந்தது. அவர்கள் நாக்கில் அந்த வித்தியாசம் உண்மையாகவே பட்டிருக்கும். எங்கள் ஆசிரியை பொய் சொல்லும் ஆள் இல்லை.

2024 மே 10

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபோது யானை மார்க் க்ரீம் சோடா நினைவுக்கு வந்தது. நமக்கு க்ரீம் சோடா என்றால் பச்சை. ஒரு கல்யாண வீட்டில் கிளாசில் பச்சையாக ஏதாவது ஊற்றி வைத்தால், குடிக்க முதலே அந்த வனிலா வாசம் தொண்டையில் வந்துவிடும். கனடாவில் இருக்கும் சித்தி, அங்கே க்ரீம் சோடா ரோஸ் நிறம் என்கிறார். முதல் தடவை வாங்கிக் குடித்தபோது, "இது க்ரீம் சோடாவே இல்லை" என்று போத்தலை மூடி வைத்தாராம். வனிலாவுக்கும் பச்சைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சின்ன வயதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு பிரிக்க முடியாது.

மிளகாயும் சிவப்பும் அப்படித்தான். ஆசிரியை படத்தில் சிவப்பைப் பார்த்தார், நாக்கு நெருப்புக்குத் தயாரானது. வந்ததோ வறுத்த தூளின் ஆழமான, மெல்ல ஏறும் உறைப்பு. படம் சொன்ன அளவுக்கு இல்லை, ஆகவே "காணாது". அதே தூள் பழைய பையில் இருந்தபோது அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை.

2024 மே 14

தயிரைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது.

திருகோணமலையில் தயிர் என்றால் சட்டித் தயிர். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்து எருமைப்பால். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பாதை என்ற மிதவையில் ஏற்றித்தான் அந்தப் பக்கத்துச் சட்டிகள் இந்தக் கரைக்கு வரும். வாயில் தாள் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆடாமல் பிடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். இப்போது கடையில் இரண்டும் இருக்கிறது, மண் சட்டியும் பிளாஸ்டிக் கப்பும். ஒரே ஆளின் பால், ஒரே உறைமோர். ஆனாலும் சட்டி முதலில் முடியும். கப்பை வாங்குபவர்கள் அடுத்த நாள், "தண்ணி கலந்திருக்கு" என்பார்கள்.

தண்ணீர் கலக்கவில்லை. சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டு. தயிரில் இருந்து பிரியும் நீரைச் சட்டி உறிஞ்சிக்கொள்ளும், அது வெளிப்பக்கம் கசிந்து ஆவியாகும்போது சட்டி குளிரும், தயிர் இறுகும். பிளாஸ்டிக்கில் அந்த நீருக்குப் போக வழியில்லை, மேலே தேங்கி நிற்கும். ஆகவே இங்கே கொள்கலன் வெறும் உடுப்பு இல்லை, சமையலில் அதற்கும் பங்கு இருக்கிறது.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் என்ற உளவியலாளர் புலன்கள் ஒன்றுக்குள் ஒன்று கலப்பதைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்கிறார். அவரும் பெற்றினா பிக்கரஸ்-ஃபிஸ்மனும் ஒரே மாதிரியான யோகட்டைப் பாரம் குறைந்த கிண்ணத்திலும் பாரம் கூடிய கிண்ணத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். பாரமான கிண்ணத்தைக் கையில் பிடித்தவர்களுக்கு யோகட் கட்டியாகத் தோன்றியது. 2012 இல் வந்த இன்னொரு கட்டுரையில், பாரமான கிண்ணத்தில் இருப்பது வயிற்றை நிரப்பும் என்று உண்ண முதலே எதிர்பார்த்தார்கள் என்று எழுதினார்கள். இதைப் படித்தவுடன் எனக்கு எங்கள் தயிர்ச் சட்டிதான் கண்ணில் வந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரம் அது, அதில் பாதி மண்.

அந்தப் பாரத்தால் நட்டமும் உண்டு. ஒரு சட்டியை அளந்து பார்த்தேன். வெளியே நாலு விரல் உயரம், உள்ளே மூன்று விரல்கூட இல்லை. அடி அவ்வளவு தடிப்பு. மண் சட்டி என்றாலே நேர்மை, பிளாஸ்டிக் என்றாலே ஏமாற்று என்று எழுத வந்தேன், அளந்த பிறகு அந்த வரியை எடுத்துவிட்டேன்.

2024 மே 15

சொல்ல மறந்தது: பிளாஸ்டிக் கப்பின் மூடியில் அச்சடித்திருக்கும் படம் எது தெரியுமா? மண் சட்டி.

2024 மே 22

முறுக்கைக் கடிக்கும் சத்தத்துக்கும் ருசியில் பங்கு உண்டா என்று கேட்ட தம்பிக்கு. ஆம், ஓசையும் சேர்த்திதான். ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சம்பீனியும் 2004 இல் செய்த பரிசோதனையில், சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஒலிவாங்கியில் எடுத்து, கடிக்கிறவரின் காதுக்கே உடனே திருப்பிக் கொடுத்தார்கள். கூரிய ஓசையைக் கூட்டிக் கொடுத்தால் மொறுமொறுப்புக் கூடிவிட்டது, சிப்ஸ் புதிது என்றார்கள். குறைத்தால் சிப்ஸ் நமுத்துவிட்டது என்றார்கள். 2008 இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பது அது.

பையின் சரசரப்பும் அதனால்தான். ஆனால் எல்லை உண்டு. 2010 இல் அமெரிக்காவில் சன்சிப்ஸ் மக்கிப்போகும் பை ஒன்றைக் கொண்டுவந்தது. மண்ணுக்கு நல்லது, ஆனால் கையில் எடுத்தாலே காதைத் துளைக்கும் சத்தம். வாங்குபவர்கள் பொறுக்கவில்லை, கம்பனி பெரும்பாலான வகைகளுக்குப் பழைய பையையே திரும்பக் கொண்டுவந்தது.

இதற்கு ஒக்ஸ்ஃபோர்ட் வரைக்கும் போகத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களுக்குப் பக்கத்தில் ஒரு பக்கற்றைச் சரசரக்கச் செய்து பாருங்கள். தலையைத் தூக்கி நேரே உங்களிடம் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவைக்குத் தெரியாது, சத்தம் தெரியும். தயவுசெய்து அந்தப் பைகளை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். அவை பையையும் தின்கின்றன. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூன் 2

வீட்டில் ஒரு சோதனை செய்தோம். பள்ளி விடுமுறை இல்லாவிட்டாலும் ஞாயிறு என்பதால் ஆட்கள் இருந்தார்கள். சூரை மீன் கறி, ஒரே சட்டி. இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றின் பக்கத்தில் பழைய பையையும் மற்றதன் பக்கத்தில் பவுச்சையும் வைத்தேன். எட்டுப் பேர் ருசி பார்த்தார்கள். ஐந்து பேர் பவுச் பக்கத்துக் கறிக்கு வாசம் கூட என்றார்கள். இரண்டு பேர் பைப் பக்கத்துக் கறிதான் வீட்டுக் கறி மாதிரி என்றார்கள். மாமிக்கு 80 வயது. இரண்டிலும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "ஒரே கறியை ரெண்டு கோப்பையில வச்சு ஏன் மினக்கெடுறியள்?" என்றார்.

மாமியைக் கண் ஏமாற்றவில்லை. அவர் பக்கற்றைப் பார்க்கவே இல்லை.

2024 ஜூன் 3

2007 இல் ஸ்டான்ஃபோர்டில் மூன்று முதல் ஐந்து வயது வரையான 63 பிள்ளைகளுக்குச் செய்த சோதனையும் இதே மாதிரிதான். ஒரே உணவு, ஒன்று மக்டோனால்ட்ஸ் தாளில், மற்றது வெறுந்தாளில். கரட்டையும் பாலையும்கூட அந்தத் தாளோடு கொடுத்தபோதுதான் கூடப் பேருக்குப் பிடித்தது. கரட் அந்தக் கடையில் வாங்கியதே இல்லை. என் தங்கையின் மகனுக்கு நான்கு வயது. இதை வாசித்த பிறகு அவன் கையில் இருக்கும் ஒவ்வொரு பக்கற்றையும் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

2024 ஜூன் 17

முதல் நாள் நான் எழுதியதில் பாதி பிழை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வாசித்துவிட்டு இரண்டு பேர் "சனங்களுக்கு ருசி தெரியாது" என்று எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரே அரைப்பில் இருந்து ஒரு பையும் ஒரு பவுச்சும் எடுத்து, கடை ராக்கையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். நேற்று இரண்டையும் அடையாளம் இல்லாத கோப்பைகளில் கொட்டி, அதே எட்டுப் பேரிடம் மணந்து பார்க்கக் கொடுத்தேன். ஆறு பேர் ஒரே கோப்பையைக் காட்டினார்கள். அது பவுச்சில் இருந்த தூள். மாமியும் அதையே காட்டினார்.

காரணத்தைத் தேடினேன். சாதாரணப் பொலித்தீன் நீரைத் தடுக்கும், ஆனால் காற்றையும் வாசத்தையும் அந்தளவுக்குத் தடுக்காது. பவுச் பல அடுக்கு, நடுவில் அலுமினியம். வாசமும் வெளியே போகாது, ஒக்சிசனும் வெளிச்சமும் உள்ளே வராது. மிளகாயின் சிவப்பு ஒரு கரோட்டினொயிட் நிறமி, வெளிச்சத்திலும் காற்றிலும் மங்கிக்கொண்டே போகும். எங்கள் ராக்கை காலை வெயில் நேரே விழும் இடம். பழைய பையில் இருந்த வாசம் எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தில் இருந்த பிஸ்கட்டுக்குள். "உங்கட கடைப் பிஸ்கட் கறி மணக்குது" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வருடமாக அதைக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே "இப்பதான் தூள் தூளாட்டம் இருக்கு" என்றவர் சரியாகத்தான் சொன்னார். வாங்குபவர் தெளிவாகப் பார்க்கட்டும் என்று கண்ணாடிப் பையில் கொடுத்தோம். அந்தத் தெளிவே தூளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மச்சாளிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஏழு வருசமும் என்ர தூளை அரைவாசிதான் சனம் சாப்பிட்டிருக்கு" என்றார்.

2024 ஜூன் 19

கச்சான் (நிலக்கடலை) சுருளைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. கடற்கரையில் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கச்சான் தருவார்கள். மேலே குவிந்து வழியும், மனம் நிறையும். அதே வாயும் அதே உயரமும் உள்ள உருளையோடு ஒப்பிட்டால் கூம்பு கொள்வது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கச்சான்காரர் நம் கண் முன்னால் அளந்து போடுகிறார், கடைசியில் ஒரு கைப்பிடி கூடவும் வைக்கிறார். அதனால் எனக்கு அவர் மேல் குறையில்லை. ஒளித்து வைத்தால்தான் குறை.

ஒளித்து வைப்பது பிஸ்கட் பக்கற்றில் நடக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல பக்கற்றுகளின் நீளம் அப்படியே இருக்க, உள்ளே தட்டின் குழிகளுக்கு இடையில் இடைவெளி அகன்றது. நிறை பின்பக்கம் சின்ன எழுத்தில் சரியாகத்தான் இருக்கிறது. சட்டப்படி பிழை இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பங்கு போடும் தாய் பின்பக்கத்தை வாசிப்பதில்லை, பக்கற்றின் நீளத்தைப் பார்த்து இத்தனை பேருக்குக் காணும் என்று நினைத்து வாங்குகிறாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அந்த முகங்களைப் பார்ப்பது நான்தான்.

2024 ஜூன் 20

சிப்ஸ் பையில் காற்று நிறைந்திருப்பதையும் இதோடு சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: முழுக்கச் சேர்க்க முடியாது. அது நைதரசன். எண்ணெய் காறிப்போகாமல் இருக்கவும், அடிபட்டு நொறுங்காமல் இருக்கவும் அடைப்பது. எவ்வளவு அடைக்கிறார்கள் என்பதில்தான் பேச இடமிருக்கிறது. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு இங்கிருந்து ஒரு பையைக் கொண்டு போங்கள், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பை இன்னும் ஊதி நிற்கும். போன வருடம் பஸ்ஸில் பிள்ளைகள் அதை வைத்துத்தான் முழு வழியும் விளையாடினார்கள்.

2024 ஜூலை 8

சோடாப் போத்தலில் இருக்கும் நிற வட்டங்கள். 2016 இல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் கீழே பச்சை. 2019 இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று வந்தது. நல்ல வேலை, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கடையில் பார்ப்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சிறுவன் செம்மஞ்சள் வட்டத்தைக் காட்டி, "அன்ரி, இது ஒறேஞ் சோடாவா?" என்று கேட்டான். அவனுக்கு நிறம் என்றால் சுவை. பெரியவர்களின் குழப்பம் வேறு. செம்மஞ்சள்தானே, பரவாயில்லை என்று 400 மில்லிலீற்றர் போத்தலை எடுக்கிறார்கள். 100 க்கு 8 கிராம் என்றால் போத்தல் முழுக்க 32 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் எட்டுக் கரண்டி. தேநீரில் எட்டுக் கரண்டி போடச் சொன்னால் அந்த மனிதரே பதறுவார்.

பச்சைக்கு வேறொரு சக்தி இருக்கிறது. 2013 இல் ஜொனதன் ஷுல்ட் வெளியிட்ட ஆய்வில், ஒரே கலோரி எழுதிய இனிப்புக் கட்டியில் லேபல் பச்சையாக இருந்தால் அது உடம்புக்கு நல்லது என்று நினைத்தார்கள், சிவப்பாக இருந்தால் அப்படி நினைக்கவில்லை. சிலி நாடு 2016 இல் நிறமே வேண்டாம் என்று கறுப்பு எண்கோண முத்திரை போட்டது. சீனி கூட, உப்புக் கூட என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதியிருக்கும். பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன்களையும் அந்தப் பக்கற்றுகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வழி பிடிக்கிறது.

2024 ஜூலை 21

திரிபோஷ. கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுப்பது, சோளமும் சோயாவும் சேர்ந்த மா. உறையில் மினுக்கு எதுவும் இல்லை. என் இரண்டாவது பிள்ளைக்கு எடை போதாமல் இருந்தபோது எனக்கும் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்தேன், கடையில் விற்கும் வர்ணப் பக்கற்றில் ஏதோ கூட இருக்கிறது என்று நம்பிக் காசு கொடுத்து அதை வாங்கினேன். குடும்பநல உத்தியோகத்தர் அம்மா வீட்டுக்கு வந்தபோது, அந்த மூலைப் பக்கற்றை எடுத்து, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தார். பிள்ளை மூன்று உருண்டை தின்றான். நான் ஒன்று தின்றேன். பொரித்த சோளத்தின் வாசம்.

இலவசம் என்றால் மட்டம் என்று அந்த உறை என்னிடம் சொல்லவில்லை. நான்தான் அதில் அப்படி வாசித்தேன். இன்றைக்கும் கடைக்கு வரும் இளம் தாய்மார் யாராவது கேட்டால் அந்த உருண்டையைச் செய்து காட்டிவிட்டுத்தான் விடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 11

நம்மொழி பற்றி. ஒரு பக்கற்றில் "உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்பது புள்ளிகள் எல்லாம் விழுந்து "உலரநத இடததில" என்று இருந்தது. எந்தக் கம்பனி என்று இங்கே எழுத விரும்பவில்லை, அப்படி அச்சடிப்பது ஒரு கம்பனி மட்டும் இல்லை. வாங்க வந்த ஒரு அப்பு கண்ணாடியை உயர்த்தி வாசித்துப் பார்த்துவிட்டு, "இதை எழுதினவைக்கு நாங்கள் வாசிப்பம் எண்ட நினைப்பே இல்லை" என்று திரும்ப வைத்தார். வேறு ஒன்றை எடுத்தார். உள்ளே இருந்த பொருளில் ஒரு குறையும் இருந்திராது. ஆனால் எழுத்தில் கவனம் இல்லாதவர் பொருளில் மட்டும் கவனமாக இருப்பாரா என்று அவர் நினைத்ததில் என்ன பிழை?

அன்று இரவே எங்கள் பவுச்சை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். "பெருஞ்சீரகம்" என்பதில் ஒரு பிழை. எங்களுடையதிலும்தான். திருத்த வேண்டும்.

2024 ஆகஸ்ட் 30

லேபல் செய்யும் தம்பியிடம் போனோம். மச்சாளும் வந்தார். மிளகாய்க் குவியலை எடுத்துவிட்டு எங்கள் தூளையே படமாகப் போடச் சொன்னேன். "அக்கா, கறுத்த தூளை ஆர் வாங்குவினம்?" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், எல்லாரும் அவனிடம் சிவப்புத்தான் கேட்கிறார்கள். மச்சாள்தான் பதில் சொன்னார்: "தம்பி, வீட்டை கொண்டுபோய்த் திறக்கேக்க கறுப்பாத்தானே இருக்கும். கடையிலையே தெரிஞ்சால் என்ன?"

முற்றாக மாற்றவும் பயம். 2009 தொடக்கத்தில் ட்ரொப்பிக்கானா என்ற தோடம்பழச் சாற்றுக் கம்பனி தன் பெட்டியில் இருந்த, குழாய் குத்திய தோடம்பழத்தை எடுத்துவிட்டுச் சாறு நிறைந்த கிளாஸ் ஒன்றைப் போட்டது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது, பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். சாறு மாறவில்லை. வழக்கமாக வாங்குபவர்களின் கண் கடைத் தட்டில் அந்தத் தோடம்பழத்தைத் தேடி ஏமாந்தது. இங்கேயும் பவுச் வந்த முதல் மாதம் எத்தனை பேர் ராக்கைக்கு முன்னால் நின்றுகொண்டே, "மச்சாளின்ர தூள் முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள்.

ஆகவே பவுச் அதே பவுச். 2000 அடித்ததில் 1100 மிச்சம், வீசவும் முடியாது. படத்தின் மேல் ஒட்ட ஒரு ஸ்ரிக்கர். அதில் பின்னேர வெளிச்சத்தில் போனில் எடுத்த எங்கள் தூளின் படம், ஒரு சின்னக் கோப்பையில். "வறுத்த கறித்தூள்" என்பது பெரிதாக. கீழே, "வறுத்ததால் நிறம் கறுப்பாக இருக்கும், உறைப்பு மெல்ல ஏறும்." அரைத்த திகதியைக் கையால் எழுத ஒரு கோடு. பழைய பையில் இருந்த விலைத் துண்டின் அதே மஞ்சள் தாள் நிறத்தில் ஸ்ரிக்கர், அந்த நிறத்தைத் தேடுபவர்களுக்காக. பெருஞ்சீரகமும் சரியாகிவிட்டது.

2024 செப்டெம்பர் 1

ஸ்ரிக்கர் ஒட்டும்போது பிள்ளைகள் சண்டை பிடித்ததில் சில கோணல். அவற்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டோம்.

2024 செப்டெம்பர் 14

இரண்டு வாரக் கணக்கு கேட்டவர்களுக்கு: விற்பனை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதிதாக வருபவர்களில் சிலர் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் சிவப்பை எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அவர்களுக்குச் சிவப்புத்தான் வேண்டும். திருப்பிக் கொண்டுவந்தவர் ஒருவரும் இல்லை. ஆசிரியை வந்தார், ஸ்ரிக்கரை முழுக்க வாசித்தார், வாங்கிப் போனார். நான்கு நாள் கழித்து வந்து, "உறைப்புச் சரி" என்றார். தூள் அதே தூள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். உப்புவெளிப் பக்கத்தில் இருந்து பஸ்ஸில் வரும் ஒரு ஆச்சி, மச்சாளின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். அவருக்குப் பவுச்சும் வேண்டாம், ஸ்ரிக்கரும் வேண்டாம். பழைய மோல்ற் போத்தல் ஒன்றைத் துணிப்பையில் கொண்டு வருவார், பாதி உரிந்த லேபலோடு. நேற்றும் வந்தார். பவுச்சை அவர் முன்னால் வெட்டிப் போத்தலுக்குள் கொட்டினேன். மூடியைப் போட முதல் மூக்கருகே கொண்டு போனார்.

"எப்ப அரைச்சது?"

"செவ்வாய்க்கிழமை, ஆச்சி."

வெறும் பவுச்சை மடித்து அதையும் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். உப்பைப் போட்டு வைக்கலாமாம், ஈரம் ஏறாதாம்.